பேச்சாளருக்கு ஒரு திரை, அவைக்கு ஒரு திரை: மடிக்கணினியை ப்ரொஜெக்டரோடு இணைக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டக் கூட்டம் நடக்கும். கணினிக்கு முன்னால் உட்காரும் பொறுப்பு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னுடையது. ஒருமுறை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேச வந்தார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. கல்லின் படம் சுவரில். வாசகம் அவர் கையில் தாள்களாக. மடிக்கணினியில் தெரிவதே சுவரிலும் தெரியும்படி நான் இணைத்திருந்தேன். விளக்கை அணைத்ததும் தாளில் எழுத்துத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தே வாசிக்கலாம் என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கி வாயைவிட்டு விலகியது. நாற்பது பேரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அவரே மறுபடி வந்தார். இம்முறை கல்வெட்டு வாசகம் முழுவதையும் ஸ்லைடுகளின் குறிப்புப் பகுதியில் முன்கூட்டியே தட்டச்சு செய்து, அவர் முகத்துக்கு நேரே மடிக்கணினியில் பெரிய எழுத்தில் வைத்தேன். சுவரில் கல் மட்டும். ஒரு வரி படிப்பார், நிமிர்ந்து அவையைப் பார்ப்பார், அடுத்த வரிக்குப் போவார். முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, இன்றுதான் நான் ஆட்களைப் பார்த்துப் பேசினேன்" என்றார்.

கருவி அதே கருவி, கேபிளும் அதே கேபிள். மாறியது, இரண்டாவது திரையைக் கணினி எப்படி நடத்துகிறது என்பது மட்டுமே. அதை அமைக்கும் முறையை முதலிலிருந்து சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டையும் பவர்பாயிண்ட்டையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். நம் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் பெரும்பாலும் இருப்பவை அவைதான். மற்றவற்றை இடையிடையே தொட்டுச் செல்கிறேன்.

முதல் படி: இடத்தை நேரில் பார்த்துவிடுங்கள்

"எல்லாம் இருக்கிறது, வாருங்கள்" என்று மண்டபப் பொறுப்பாளர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். முடிந்தால் முதல் நாளே போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் ப்ரொஜெக்டரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் துளைகள் இருக்கின்றன என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும். மாடல் எண்ணும் தெரிந்தால் அதன் இயல்பான பிக்சல் அளவைத் தேடிக் குறித்துக்கொள்ளலாம். பழைய கருவிகள் பல 1024×768. அலுவலகங்களில் 1280×800 நிறைய உண்டு. புதியவை 1920×1080. விவரப் பட்டியலில் 'அதிகபட்சம் ஏற்கும் அளவு' என்று வேறொரு பெரிய எண்ணும் இருக்கும். அது உங்களுக்கு வேண்டாம். 1024×768 கருவி பெரிய படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான். சுருக்கும்போது எழுத்து மங்கும்.

தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். படத்தின் அகலத்தை ப்ரொஜெக்டரின் த்ரோ விகிதத்தால் (தூரத்துக்கும் படத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) பெருக்கினால், கருவியை எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்பது கிடைக்கும். விகிதம் 1.5 என்றால், 8 அடி அகலப் படத்துக்கு 12 அடி. கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்குள் இருந்தால் நல்லது. 5 அடி உயரத் திரைக்கு 30 அடி. அதற்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் படத்தைப் பார்ப்பார், எழுத்தைப் படிக்கமாட்டார். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது உயர்ந்திருக்கட்டும். முன்வரிசைத் தலைகள் கடைசி வரியை மறைக்காது.

இரண்டாம் படி: கேபிள்

கூட்டம் கெடுவதற்குக் கணினியைவிடக் கேபிளே காரணமாக இருந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனவே இதில் சற்று நிற்போம்.

விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் படத்தைக் கொண்டுபோகும் கேபிள் வகைகள். விஜிஏ 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 15 ஊசிகள், இருபுறமும் திருகுகள். எச்டிஎம்ஐயின் முதல் விவரக்குறிப்பு 2002-இல் வந்தது; 19 ஊசிகள், ஒலியும் சேர்ந்தே போகும். விஜிஏயில் ஒலி போகாது. மண்டபச் சுவரில் பதித்திருப்பது விஜிஏ மட்டும், உங்கள் மடிக்கணினியில் இருப்பது எச்டிஎம்ஐ மட்டும் என்ற நிலை இன்னும் உண்டு. அதற்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறிய அடாப்டர் வேண்டும். வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்குங்கள். ஒரு திசைக்கானது மறுதிசையில் வேலை செய்யாது. உள்ளே மின்சுற்று இல்லாத வெறும் ஒயர் இரண்டு முனைகளோடு விற்கப்பட்டால், விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள்.

விஜிஏ முனையைச் செருகுமுன் ஒரு நொடி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்று வரிசை ஊசிகளில் ஒன்று சாய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். அப்படியே அழுத்தினால் அது மடங்கிவிடும். முதல் மூன்று ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். அதனால் திரையின் நிறமே நோயைச் சொல்லும்: வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை, இளஞ்சிவப்பாக அடித்தால் பச்சை வரவில்லை, வெளிர் நீலப்பச்சை என்றால் சிவப்பு வரவில்லை. ப்ரொஜெக்டர் பழுது என்று முடிவுகட்டுமுன் முனையைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். சாய்ந்ததை முனை தேய்ந்த பேனா மூடியால் மெல்ல நிமிர்த்தியே நான் பல கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். செருகிய பின் இரண்டு திருகுகளையும் முடுக்குங்கள். யாராவது ஒயரைத் தட்டிவிட்டுப் போகத்தான் போகிறார்கள்.

யுஎஸ்பி-சி துளை மட்டுமே உள்ள மடிக்கணினி என்றால் கவனம். எல்லா யுஎஸ்பி-சி துளையும் படத்தை அனுப்பாது. சில மின்னேற்றத்துக்கும் கோப்புகளுக்கும் மட்டுமானவை. வீட்டிலுள்ள டிவியில் முன்கூட்டியே செருகிப் பார்த்துவிடுவது ஒன்றே உறுதியான சோதனை.

சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டர் வரை பொதுவாகத் தொல்லை தராது. அதற்கு மேல் படம் விட்டுவிட்டு வரும், பொட்டுப்பொட்டாக மினுக்கும். நீண்ட தூரத்துக்குத் தனியாக உள்ள கேபிள்களையோ, கேட்6 என்ற நெட்வொர்க் ஒயர் வழியே அனுப்பும் பெட்டிகளையோ நாடவேண்டும். கம்பியில்லா இணைப்பும் உண்டு. ஆனால் நூறு கைபேசிகள் உள்ள மண்டபத்தில் நான் அதை நம்புவதில்லை.

மூன்றாம் படி: இணைத்து, விரியுங்கள்

ப்ரொஜெக்டரை முதலில் இயக்குங்கள். படம் வந்து நின்றபின் கேபிளை மடிக்கணினியில் செருகுங்கள். ப்ரொஜெக்டரின் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, நீங்கள் செருகிய துளையைத் தேர்ந்தெடுங்கள். "சிக்னல் இல்லை" என்று நீலத் திரையில் வந்துகொண்டிருந்தால் பாதி நேரம் காரணம் இதுதான்.

இனி விசைப்பலகை. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே, ப்ரொஜெக்ட் என்ற சொல்லின் முதலெழுத்தான பி விசையைத் தட்டுங்கள். நான்கு தேர்வுகள் வரும்.

'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்றால் மடிக்கணினியில் மட்டும் தெரியும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே காட்சி. 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்றால் சுவரில் மட்டும். நமக்கு வேண்டியது 'எக்ஸ்டெண்ட்'. இதில் சுவர் இரண்டாவது மேசையாகிவிடும். மடிக்கணினியில் நீங்கள் செய்வது எதுவும், நீங்களாக அங்கே கொண்டுபோய் வைத்தாலொழிய, சுவருக்குப் போகாது.

டூப்ளிகேட்டில் இருந்தால் எல்லாம் போகும். ஒரு கூட்டத்தில், பேச்சாளர் கோப்பைத் தேடும்போது அவருடைய குடும்ப மருத்துவ அறிக்கைகளின் பெயர்கள் வரிசையாகச் சுவரில் ஓடின. அவையில் அவருடைய உறவினர்களும் இருந்தார்கள். அன்றிலிருந்து எக்ஸ்டெண்ட் இல்லாமல் நான் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: ஒரு மென்பொருளை நேரடியாக இயக்கிக் காட்டி வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் டூப்ளிகேட்தான் வசதி. கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே மவுஸை நகர்த்துவது கடினம்.

மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ் போய், டிஸ்ப்ளேஸ் பகுதியில் மிரரிங்கை நிறுத்தினால் இதே நிலை வரும். லினக்ஸிலும் டிஸ்ப்ளே அமைப்பில் மிரர் தேர்வை விட்டுவிட்டு, திரைகளைச் சேர்த்து விரிக்கும் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: திரைகளை அடுக்கி, அளவைச் சரிசெய்யுங்கள்

டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது சொடுக்கு, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்'. 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு கட்டங்கள் தெரியும். 'ஐடென்டிஃபை' அழுத்தினால் எந்தத் திரைக்கு எந்த எண் என்று பெரிதாகக் காட்டும். மேடையில் உட்காரும்போது சுவர் உங்களுக்கு வலப்புறம் இருந்தால் 2-ஆம் கட்டத்தையும் வலப்புறமே இழுத்து வையுங்கள். கண் பார்க்கும் திசையும் மவுஸ் போகும் திசையும் ஒன்றாக இருந்தால், பதற்றத்திலும் கை தடுமாறாது.

'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே' என்ற குறி 1-இல், அதாவது மடிக்கணினியில் இருக்கவேண்டும். அறிவிப்புகள் முதன்மைத் திரையில்தான் எட்டிப்பார்க்கும். சுவர் முதன்மையாகிவிட்டால் வீட்டிலிருந்து வரும் செய்தியை அவை முழுதும் படிக்கும்.

அடுத்து 2-ஆம் கட்டத்தைச் சொடுக்கி, கீழே 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பாருங்கள். ப்ரொஜெக்டர் தன் அளவைக் கேபிள் வழியே கணினிக்குச் சொல்லும்; அதுவே 'ரெகமெண்டட்' என்று காட்டப்படும். நேரடி இணைப்பில் இது சரியாகவே இருக்கும். நடுவில் ஸ்பிளிட்டரோ (ஒரே படத்தைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் பெட்டி) சுவிட்ச் பெட்டியோ இருந்தால் அந்தத் தகவல் வந்து சேராமல் போகலாம். அப்போது முதல் படியில் குறித்துவைத்த அளவை நீங்களே தேர்ந்தெடுங்கள். அங்கேயே 'ஸ்கேல்' அளவை 2-ஆம் திரைக்கு 100 சதவீதமாக வைக்கலாம்.

இப்போது சுவரைப் பாருங்கள். படம் கீழே குறுகி மேலே அகன்று தெரிந்தால் ப்ரொஜெக்டரின் கீஸ்டோன் பொத்தானைத் தேடத் தோன்றும். பொறுங்கள். கீஸ்டோன் படத்தைப் பிக்சல்களிலேயே நசுக்கித்தான் நேராக்குகிறது. அதோடு கூர்மையும் போய்விடும். முதலில் கருவியைத் திரையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், உயரமான மேசையில் வையுங்கள், அடிக்கால் திருகுகளை உள்ளே திருகி முன்பக்கத்தை இறக்குங்கள். அதற்குப் பிறகும் சாய்வு மிஞ்சினால் மட்டும் கொஞ்சமாகக் கீஸ்டோன்.

ஐந்தாம் படி: ஸ்லைடை அந்தத் திரைக்குத் தைத்துக்கொள்ளுங்கள்

பவர்பாயிண்ட் 2013 முதல், புதிய கோப்பு 16:9 அளவில்தான் திறக்கும். அதை 1024×768 கருவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள். 768 வரிகளில் 576 மட்டுமே உங்களுக்கு. கால்வாசித் திரை வீண். அங்கே பேசப் போவது முன்பே தெரிந்தால் 'டிசைன்' பகுதியில் 'ஸ்லைட் சைஸ்' போய் 4:3 ஆக்குங்கள். 'மேக்ஸிமைஸ்' வேண்டுமா, 'என்ஷ்யூர் ஃபிட்' வேண்டுமா என்று கேட்கும். இரண்டாவதை எடுத்தால் ஓரத்தில் எதுவும் வெட்டுப்படாது. 1280×800 கருவிக்கு மாற்றவேண்டியதில்லை. இழப்பு 80 வரிதான்.

ஆறாம் படி: தமிழ் எழுத்து

ஆங்கில ஸ்லைடு போடுகிறவர்களுக்கு இல்லாத கவலை நமக்கு ஒன்று உண்டு: புள்ளி. சுவரில் 'க்' என்பது 'க' ஆகத் தெரிந்தால் சொல்லே மாறிவிடும். மெலிந்த எழுத்துருவில், சிறிய அளவில், சுருக்கப்பட்ட படத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். எழுத்தளவு 28 பாயிண்ட்டுக்குக் கீழே தமிழை நான் வைப்பதில்லை. பழைய கருவி என்றால் 32. வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்து, தடித்த கோடு. ஒரு ஸ்லைடில் 'கல்', 'பத்து' என்று எழுதி, கடைசி வரிசையில் நின்று நீங்களே படித்துப் பாருங்கள்.

எழுத்துருவே இல்லாமல் போவது இன்னொரு ஆபத்து. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் செய்த கோப்பை, அது நிறுவப்படாத கணினியில் திறந்தால் ஸ்லைடு முழுக்க ஆங்கில எழுத்துகள். புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பேச்சாளர் பென் டிரைவில் கோப்பை மட்டும் கொண்டுவந்து, மேடை ஏறுமுன் இதைப் பார்த்து முகம் வெளுத்ததை நான் கண்டிருக்கிறேன். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. புதிதாகச் செய்வதை யூனிகோடிலேயே செய்யுங்கள். அதிலும் ஒரு நுணுக்கம். நாம் பழகிய லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் கூடுதல் தொகுப்புக்குப் போய்விட்டது. தமிழ் சேர்க்காத கணினியில் அது இல்லாமலிருக்கலாம். நிர்மலா யுஐ எப்போதும் இருக்கும்.

வேறு கணினியில் காட்டப்போகிறீர்கள் என்றால் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' வழியே போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' என்பதைக் குறியிட்டுச் சேமியுங்கள். எழுத்துருவின் உரிமம் இடம் கொடுத்தால் அது கோப்போடு போகும். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதி. அசைவுகள் இருக்காது, குறிப்புத் திரை இருக்காது, ஆனால் எழுத்து சிதையாது.

ஏழாம் படி: பேச்சாளர் பார்வை

இதற்காகத்தான் இவ்வளவும். பவர்பாயிண்ட்டில் 'ஸ்லைட் ஷோ' பகுதியைத் திறந்து, 'யூஸ் பிரசென்டர் வியூ' என்பதைக் குறியிடுங்கள். அருகிலேயே 'மானிட்டர்' என்ற பட்டியல் இருக்கும்; அதில் ப்ரொஜெக்டரைத் தேர்ந்தெடுங்கள். எஃப்5 அழுத்துங்கள். சுவரில் ஸ்லைடு மட்டும் நிறைந்திருக்கும். மடிக்கணினியில் நடப்பு ஸ்லைடு, அடுத்த ஸ்லைடு, கடந்த நேரம், கீழே குறிப்புகள். இரண்டும் இடம் மாறிப்போய்க் குறிப்புகள் சுவரில் தெரிந்தால் பதறவேண்டாம். பேச்சாளர் பார்வையின் மேற்புறம் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' உண்டு; அதில் 'ஸ்வாப்' என்பதைச் சொடுக்கினால் மாறிக்கொள்ளும்.

குறிப்புகளுக்கு அடியில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறது. பேச்சாளர் நிற்கப்போகும் இடத்தில் நீங்கள் நின்று, அவர் வயதை எண்ணிப்பார்த்து, அதைப் பெரிதாக்குங்கள். கல்வெட்டு ஆசிரியருக்கு ஐந்து முறை அழுத்தினேன். குறிப்பில் பத்தி பத்தியாக எழுதவேண்டாம். அவர் மூச்சுவிடும் இடத்தில் வரியை முறித்து எழுதினால், நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது கண் தொலையாது.

வீட்டில் இரண்டாவது திரை இல்லாமலே பயிற்சி செய்ய ஆல்ட் விசையோடு எஃப்5. லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸில் 'ஸ்லைட் ஷோ செட்டிங்ஸ்' திறந்து எந்தத் திரையில் காட்டுவது என்று சொல்லிவிட்டால், மற்றத் திரையில் பேச்சாளருக்கான பலகை தானே வரும்.

எட்டாம் படி: ஒலி

எச்டிஎம்ஐ செருகியதும் விண்டோஸ் பல நேரம் ஒலியை ப்ரொஜெக்டருக்குத் திருப்பிவிடும். அதன் சிறிய ஒலிபெருக்கி மண்டபத்துக்குப் போதாது. பணிப்பட்டையின் ஒலிக் குறியைச் சொடுக்கி வெளியீட்டை மடிக்கணினிக்கே மாற்றி, அங்கிருந்து ஒலிக்கலவைக் கருவிக்கு ஒயர் கொடுங்கள். ஒலியில் "ம்ம்" என்ற இரைச்சல் இருந்தால் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். பாட்டரியில் ஓட்டுங்கள், அல்லது இரைச்சலைத் தடுக்கும் ஐசோலேட்டர் வையுங்கள். மின்னேற்றிச் செருகியின் மூன்றாவது ஊசியை, அந்த எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உயிரைக் காப்பது அந்த ஊசி.

ஒன்பதாம் படி: கணினியை அமைதிப்படுத்துங்கள்

மின்சேமிப்பு அமைப்பில் தூக்கத்தை 'நெவர்' ஆக்குங்கள். மூடியை மூடினால் என்ன நடக்கவேண்டும் என்பதை 'டூ நத்திங்' ஆக்குங்கள். புதுப்பிப்புகளை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். 'நைட் லைட்' இயங்கினால் சுவரிலும் படம் பழுப்பேறித் தெரியும், அணையுங்கள். அறிவிப்புகளை நிறுத்தும் 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பையும் (விண்டோஸ் 10-இல் 'ஃபோகஸ் அசிஸ்ட்') போடுங்கள்.

பின்னணிப் படத்தில் நான் செய்யும் ஒரு சிறு ஏற்பாடு. கூட்டத்தின் பெயர், பேச்சாளர் பெயர், தேதி எழுதிய படம் ஒன்றைச் செய்துகொள்வேன். பெர்சனலைசேஷனில் அந்தப் படத்தின்மீது வலது சொடுக்கினால் 2-ஆம் திரைக்கு மட்டும் வைக்கும் வசதி வரும். எல்லாத் திரைகளிலும் பணிப்பட்டையைக் காட்டும் தேர்வையும் எடுத்துவிடுவேன். ஆட்கள் வந்து அமரும்போதும், ஸ்லைடு முடிந்து வெளியே வரும்போதும் சுவரில் தெரிவது அந்த அழைப்புப் படம் மட்டுமே.

பத்தாம் படி: கூட்டம் நடக்கும்போது

திரைக்கு நேர் மேலே உள்ள குழல்விளக்கை மட்டும் அணையுங்கள். மண்டபம் முழுவதையும் இருட்டாக்கினால் பேச்சாளர் முகமும் தெரியாது, குறிப்பெடுப்பவர் தாளும் தெரியாது.

பேச்சாளர் ஸ்லைடைவிட்டு விலகிக் கதை சொல்லத் தொடங்கினால் முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள். சுவர் கறுப்பாகும், எல்லாக் கண்களும் அவர்மேல் திரும்பும். மறுபடி தட்டினால் படம் வரும். யாராவது கேள்வி கேட்டு 14-ஆம் ஸ்லைடுக்குத் திரும்பவேண்டும் என்றால் 14 என்று அடித்து என்டர்.

கையடக்கக் கிளிக்கர் திடீரென வேலை செய்யவில்லையா? பாட்டரியைப் பார்க்குமுன் மடிக்கணினியைப் பாருங்கள். வேறொரு சன்னலை நீங்கள் சொடுக்கியிருந்தால் கிளிக்கரின் கட்டளை அங்கே போய்க்கொண்டிருக்கும். பேச்சாளர் பார்வைமீது ஒருமுறை சொடுக்கினால் போதும். ஏதாவது சன்னல் தவறுதலாகச் சுவருக்குப் போய்விட்டால் விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டினால் இந்தப் பக்கம் வந்துவிடும்.

மின்வெட்டு வந்தால் மடிக்கணினி பாட்டரியில் ஓடும், ப்ரொஜெக்டர் அணைந்துவிடும். பல்பு உள்ள கருவி சூடு தணிந்தபின்தான் மறுபடி எரியும், சில நிமிடங்கள் ஆகும். அதைப் பேச்சாளரிடம் முன்பே சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பதினோராம் படி: கழற்றும்போது

முதலில் ஸ்லைடை முடித்து, விண்டோஸ் விசையோடு அதே பி விசையைத் தட்டி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி'க்குத் திரும்புங்கள். ப்ரொஜெக்டரை அதன் பொத்தானால் அணையுங்கள். அதன் உள்ளே உள்ள மின்விசிறி ஓடி நிற்கும்வரை சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள். நன்றியுரை முடிந்த வேகத்தில் யாராவது ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பார்கள். முன்கூட்டியே அதன் அருகில் போய் நின்றுகொள்ளுங்கள். விசிறி நிற்பதற்குள் கேபிளைச் சுற்றிவிடலாம். முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல், கை அகல வளையமாகத் தளர்வாகச் சுற்றி, விஜிஏ முனைக்கு மூடியைப் போட்டு, அடாப்டரைக் கேபிளோடு சேர்த்தே கட்டிவையுங்கள்.